இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்: பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அறிய வேண்டியவை

மருத்துவர் டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரும்படி எழுதிக் கொடுத்தவுடன் பலருக்கும் அச்சம் ஏற்படுவது இயல்பு. ஊசி போடுவார்களா, வலிக்குமா, கதிர்வீச்சு உடலைப் பாதிக்குமா, வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேருமா என்பன பொதுவாக எழும் ஐயங்கள். இப்பரிசோதனையில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை. இதில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டெனில், அது காலதாமதமே. திடீரென வீங்கிய காலையும், சில நிமிடங்களில் சரியாகிவிட்ட கை கால் பலவீனத்தையும் பொருட்படுத்தாமல் நாள்களைக் கடத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இப்பரிசோதனை எதற்காகச் செய்யப்படுகிறது, எவ்வாறு தயாராக வேண்டும், பரிசோதனை அறையில் என்ன நடைபெறும், அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது ஆகியவை இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

டாப்ளர் ஸ்கேன் என்றால் என்ன?

மனிதச் செவியால் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க இயலும். அதற்கு மேற்பட்ட அதிர்வுடைய ஒலி மீயொலி எனப்படும். மருத்துவ ஸ்கேன் கருவிகள் நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலியை உடலுக்குள் செலுத்தி, அது உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகின்றன. சாதாரண ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். டாப்ளர் ஸ்கேன் அதனுடன் இரத்தம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் காட்டும்.

சைரன் ஒலித்துக்கொண்டு வரும் ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் சற்றுத் தாழ்ந்தும் கேட்பதை அனைவரும் அறிவோம். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் இவ்வாறு மாறுவதை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியான் டாப்ளர் 1842ஆம் ஆண்டு விளக்கினார். இரட்டை விண்மீன்களின் ஒளியைப் பற்றி அவர் எழுதிய கருத்து, இன்று இரத்தக் குழாய்களை ஆராயப் பயன்படுகிறது. இரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிட்டு, இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் கருவி அறிவிக்கிறது.

உடலில் இரத்தக் குழாய்கள் முதன்மையாக இரு வகைப்படும். இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்பவை தமனிகள். உறுப்புகளிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் நரம்பு என்றே குறிப்பிடுகிறோம். "நரம்பு சுருட்டிக்கொண்டது", "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்பன அத்தகைய வழக்குகள். உண்மையில் நரம்பு என்பது உணர்ச்சியையும் மூளையின் கட்டளைகளையும் கொண்டு செல்லும் இழை. அதன் வழியே இரத்தம் ஓடுவதில்லை. டாப்ளர் ஸ்கேன் இரத்தக் குழாய்களுக்கான பரிசோதனை. நரம்புத் தளர்ச்சியையோ நரம்பு பாதிப்பையோ அறிய இது செய்யப்படுவதில்லை.

எந்நிலைகளில் இது பரிந்துரைக்கப்படுகிறது?

கால் சிரைகள்: கால் திடீரென வீங்குதல், கெண்டைக்கால் வலி ஆகியவை இருந்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்துள்ளதா என்பதை அறிய. சுருள் சிரை நோயில், சிரைகளின் வால்வுகள் பழுதடைந்து இரத்தம் கீழ்நோக்கித் திரும்பி வழிகிறதா என்பதை அறிய.

கால் தமனிகள்: சிறிது தூரம் நடந்தவுடன் கெண்டைக்காலில் வலி ஏற்பட்டு, சில நிமிடம் நின்றால் வலி நீங்குவது தமனி சுருங்கியிருப்பதன் முக்கிய அறிகுறி. ஆறாத கால் புண், விரல் கறுத்தல், பாதம் குளிர்ந்திருத்தல் ஆகியவையும் இதனைக் குறிக்கலாம். நீரிழிவு உள்ளோருக்கும் பீடி, சிகரெட் புகைப்போருக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம். நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம்; எனவே, வலி இல்லை என்பதால் இரத்த ஓட்டம் சீராக உள்ளது என்று கருதக் கூடாது.

கழுத்துத் தமனிகள்: ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணில் திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவை ஏற்பட்டவர்களுக்கு, மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ளதா என்பதை அறிய.

வயிற்றுப் பகுதி: கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தத்தில் சிறுநீரகத் தமனிகளையும், கல்லீரல் நோயில் கல்லீரலுக்குச் செல்லும் சிரையையும் ஆராய. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கு அதன் இரத்த ஓட்டத்தைக் கண்காணிக்க.

டயாலிசிஸ் பெறுவோர்: கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கப்படும் ஃபிஸ்டுலா போதிய அளவு விரிந்து, தேவையான இரத்தத்தைத் தருகிறதா என்பதை அறிய.

கர்ப்பக் காலம்: குழந்தையின் வளர்ச்சி குறைவாக உள்ளபோதும், தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளபோதும், தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்பதை அறிய.

விதைப்பை: சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் விதைப்பையில் திடீரென ஏற்படும் கடும் வலி, விதை முறுக்கிக்கொண்டதால் ஏற்பட்டதாக இருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கத்தால் வலியை மறைப்பதும், காலை வரை காத்திருப்பதும் கூடாது. மருத்துவருக்கு ஐயம் வலுவாக இருப்பின், ஸ்கேனுக்காகக் காத்திராமல் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவார்.

வீங்கிய கால்: நீவி விட வேண்டாம்

இரு கால்களும் சமமாக வீங்குவதற்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோய்களும் இரத்தச் சோகையும் காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் ஓரிரு நாள்களில் வீங்கி, கனத்து, வலித்தால் ஆழ்சிரை இரத்த உறைவு உள்ளதா என்பதை உடனே அறிய வேண்டும். யானைக்கால் நோய், கிருமித் தொற்று, தசைப் பிடிப்பு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். வெளியிலிருந்து பார்த்து இவற்றை உறுதியாக வேறுபடுத்த இயலாது. அதற்காகவே ஸ்கேன் தேவைப்படுகிறது.

பின்வரும் நிலைகளில் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகரிக்கிறது:

• இடுப்பு, மூட்டு, வயிறு ஆகியவற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்
• எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கையில் இருக்கும்போது
• கர்ப்பக் காலத்திலும், பிரசவத்திற்குப் பிந்தைய 6 வாரங்களிலும்
• புற்றுநோயிலும் அதற்கான சிகிச்சையின்போதும்
• ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போது
• பல மணி நேரம் காலை அசைக்காமல் அமர்ந்து பயணம் செய்த பின்
• முன்னர் இதே நோய் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால்

கால் வீங்கினால் எண்ணெய் தடவி நீவி விடுவது நம் வீடுகளில் வழக்கம். பிரசவித்த தாய்க்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய முதியவருக்கும் அன்புடன் செய்யப்படும் பணிவிடை அது. ஆனால், சிரையில் உறைந்த இரத்தக்கட்டி அழுத்தத்தால் பெயர்ந்து, இரத்த ஓட்டத்துடன் சென்று நுரையீரல் தமனியை அடைத்துவிடக்கூடும். ஆகவே, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், இரத்த உறைவு இல்லை என்று உறுதியாகும் வரை நீவுதல், உருவுதல், அழுத்திப் பிடித்துவிடுதல் எதையும் செய்யக் கூடாது. மருத்துவமனைக்குச் செல்வதே முதல் பணிவிடை.

உரிய காலத்தில் கண்டறிந்தால் இந்நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் பொதுவாகக் குறைந்தது 3 மாதங்களுக்கு வழங்கப்படும். ஸ்கேன் எடுக்கத் தாமதமாகும் நிலையில், நோய்க்கான வாய்ப்பு அதிகமென மருத்துவர் கருதினால், ஸ்கேனுக்கு முன்பே மருந்தைத் தொடங்குவதும் உண்டு. அருகிலுள்ள மருத்துவமனையில் டாப்ளர் வசதி இல்லை என்பதற்காக வீட்டிற்குத் திரும்பிவிட வேண்டாம். மருத்துவரைச் சந்தித்து, வசதியுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லவும்.

பரிசோதனைக்கு எவ்வாறு தயாராக வேண்டும்?

கால், கை, கழுத்து ஆகிய பகுதிகளில் செய்யப்படும் ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கம்போல் உண்ணலாம், வழக்கமான மருந்துகளையும் உட்கொள்ளலாம். கால் தமனிப் பரிசோதனைக்கு முன் 2 மணி நேரமாவது புகைபிடிக்காமல் இருக்க வேண்டும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கி, முடிவை மாற்றக்கூடும்.

சிறுநீரகத் தமனி, கல்லீரல் சிரை போன்ற வயிற்றுப் பகுதிப் பரிசோதனைகளுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை உணவின்றி வருமாறு கூறப்படும். குடலில் சேரும் வாயு மீயொலியைத் தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ பயன்படுத்துவோர், பட்டினி இருக்கும் வேளையில் மருந்தை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். உணவைத் தவிர்த்துவிட்டு இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். இத்தகையோர் காலையில் முதல் முறையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

பரிசோதனைக்குச் செல்லும்போது:

• எளிதில் விலக்கக்கூடிய தளர்வான ஆடை அணியவும். கால் ஸ்கேனுக்கு வேட்டி, லுங்கி, பாவாடை, சேலை ஆகியவை வசதியானவை.
• கழுத்து ஸ்கேனுக்குக் கழுத்து நகைகளைக் கழற்றிவிடவும். உயர்ந்த கழுத்துப்பட்டையுள்ள ஆடையைத் தவிர்க்கவும்.
• பரிசோதிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய், தைலம், பற்று எதுவும் பூச வேண்டாம்.
• மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, பழைய ஸ்கேன் அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லவும்.
• இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ மாற்று வழி அறுவைச் சிகிச்சை செய்திருந்தாலோ அந்த விவரத்தைத் தெரிவிக்கவும்.

பரிந்துரைச் சீட்டில் "டாப்ளர்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்தக் கால், தமனியா சிரையா, என்ன ஐயம் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். தமனிக்கான பரிசோதனையும் சிரைக்கான பரிசோதனையும் வெவ்வேறு. சீட்டில் அவ்விவரங்கள் இல்லாவிடில் மருத்துவரிடம் கேட்டு எழுதிப் பெறுவது, மீண்டும் ஒருமுறை அலைவதைத் தவிர்க்கும்.

பரிசோதனை அறையில் என்ன நடைபெறும்?

படம் தெளிவாகத் தெரிவதற்காக அறையின் விளக்குகள் மங்கலாக்கப்பட்டிருக்கும். நீங்கள் படுக்கையில் படுக்க வைக்கப்படுவீர்கள். பரிசோதிக்க வேண்டிய பகுதியில் மட்டும் ஆடை விலக்கப்படும்; பிற பகுதிகளைத் துணியால் மூடிக்கொள்ளலாம். பெண்கள், தமக்குத் துணையாகப் பெண் உதவியாளரோ உறவினரோ உடனிருக்க வேண்டுமெனக் கேட்கலாம்.

தோலின்மீது குளிர்ந்த ஜெல் பூசப்படும். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் மீயொலி உள்ளே செல்லாது. அதைத் தவிர்க்கவே ஜெல் பூசப்படுகிறது. பின்னர், கைக்கு அடக்கமான ஆய்வுக் கருவியை ரேடியாலஜி மருத்துவர் தோலின்மீது மெல்ல நகர்த்துவார். இரத்தம் ஓடும் திசைக்குச் செங்குத்தாக ஒலி செலுத்தப்பட்டால் வேகத்தை அளக்க இயலாது. ஆகவேதான் கருவியை அவர் பலவாறு சாய்த்துப் பிடிக்கிறார். உங்களையும் திரும்பிப் படுக்குமாறும், சற்று நேரம் மூச்சை அடக்குமாறும் கேட்கிறார்.

கால் சிரைப் பரிசோதனையில், தொடை இடுக்கிலிருந்து முழங்காலின் பின்புறம் வழியாகக் கெண்டைக்கால் வரை, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை கருவியால் அழுத்திப் பார்ப்பார். நலமான சிரை மென்மையானது. அழுத்தினால் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரையிலிருந்து மறைந்துவிடும். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் சிரை அமுங்காது. இப்பரிசோதனையின் உயிர்நாடி இதுவே. வீங்கிய காலில் இவ்வாறு அழுத்தும்போது சற்று வலிக்கலாம். தாங்க இயலாவிடில் உடனே கூறவும். மருத்துவர் திரையில் பார்த்தபடி அளவோடு கொடுக்கும் இவ்வழுத்தம், வீட்டில் காலை உருவி விடுவதைப் போன்றதன்று.

சுருள் சிரைக்கான பரிசோதனையில் உங்களை நிற்க வைப்பார்கள். கெண்டைக்காலைப் பிடித்து விடும்போது மேலே செல்லும் இரத்தம், வால்வு பழுதடைந்திருந்தால் கீழே திரும்பி வழியும். மேற்புறச் சிரைகளில் இவ்வாறு அரை நொடிக்கு மேல் திரும்பி வழிந்தால் அது நோய்நிலையாகக் கொள்ளப்படும். நெடுநேரம் நிற்கும்போது தலைசுற்றல் ஏற்பட்டால் தெரிவிக்கவும்.

கால் தமனிப் பரிசோதனையுடன், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. இதற்காகக் கையிலும் காலிலும் காற்றுப்பட்டை கட்டப்பட்டுச் சிறிது நேரம் இறுகும்.

பரிசோதனையின்போது திடீரென எழும் ஒலியைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கருவி கணக்கிட்ட அதிர்வெண் மாற்றமே ஒலியாகக் கேட்கிறது. தமனியின் ஒலி நாடித்துடிப்புக்கேற்ப விட்டுவிட்டும், சிரையின் ஒலி மூச்சுக்கேற்ப ஏறி இறங்கும் காற்றொலி போன்றும் கேட்கும்.

திரையில் தெரியும் நிறங்களும் பலரைக் குழப்புகின்றன. சிவப்பு என்பது நல்ல இரத்தத்தையும் நீலம் என்பது கெட்ட இரத்தத்தையும் குறிப்பதில்லை. பெரும்பாலும், கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பாகவும், விலகிச் செல்லும் ஓட்டம் நீலமாகவும் காட்டப்படும். கருவியைச் சாய்க்கும் திசை மாறினால் அதே குழாயின் நிறமும் மாறும்.

ஒரு பகுதிக்கான பரிசோதனை பொதுவாக 20 முதல் 45 நிமிடங்கள் வரை நீடிக்கும். இரு கால்களையும் முழுமையாக ஆராய ஒரு மணி நேரம் வரை ஆகலாம். நேரம் கூடுவதால் நோய் கடுமையாக உள்ளது என்று பொருளல்ல. முடிந்தவுடன் ஜெல்லைத் துடைத்துவிட்டு வழக்கமான பணிகளுக்குத் திரும்பலாம். நோயின் தன்மையால் ஓய்வு தேவையெனில் மருத்துவர் கூறுவார்.

இது பாதுகாப்பானதா? இதற்கு எல்லைகள் உண்டா?

எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. சாதாரண டாப்ளர் ஸ்கேனில் சாய மருந்து செலுத்தப்படுவதில்லை. ஆகவே, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் செய்யலாம். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் மட்டும், மருத்துவத் தேவை இருந்தால் ஒழிய டாப்ளர் அலைகளைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினும் குறுகிய நேரமே செலுத்தப்படும்.

எனினும், இப்பரிசோதனையின் துல்லியம் அதைச் செய்பவரின் திறனைப் பெரிதும் சார்ந்தது. உடல் பருமன், கடும் வீக்கம், கட்டுப் போட்ட புண், குடல் வாயு, தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு ஆகியவை படத்தை மறைக்கலாம். இடுப்புக்குள் உள்ள சிரைகளும் கெண்டைக்காலின் சிறு சிரைகளும் சிலருக்குத் தெளிவாகத் தெரியா. அத்தகைய நிலையில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படலாம்.

அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தரப்படுகின்றன. அவற்றில் அடிக்கடி இடம்பெறும் சொற்களின் பொருள் வருமாறு:

• பேடன்ட்: குழாய் திறந்துள்ளது, இரத்தம் ஓடுகிறது.
• கம்ப்ரசிபிள்: சிரை அழுத்தினால் அமுங்குகிறது. இது நல்ல அறிகுறி. "நான்-கம்ப்ரசிபிள்" எனில் அமுங்கவில்லை, இரத்தக்கட்டி இருக்கலாம்.
• த்ராம்பஸ்: இரத்தக்கட்டி. "அக்யூட்" எனில் புதியது. "குரோனிக்" எனில் பழையது.
• ரிஃப்ளக்ஸ் அல்லது இன்காம்பிடன்ட்: வால்வு பழுதடைந்து இரத்தம் திரும்பி வழிகிறது.
• பிளேக்: தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும். இச்சொல் இருப்பதால் மட்டுமே தமனி அடைபட்டுவிட்டது என்று பொருளல்ல.
• ஸ்டெனோசிஸ்: தமனி குறுகியுள்ளது. "அக்லூஷன்" எனில் முழுமையாக அடைபட்டுள்ளது.
• டிரைஃபேசிக்: கால் தமனியில் இயல்பான ஓட்டம். "மோனோஃபேசிக்" எனில் மேற்பகுதியில் எங்கோ தடை இருக்க வாய்ப்புண்டு.

ஒரு சொல்லில் மிகுந்த கவனம் தேவை. தொடையிலுள்ள ஒரு சிரையைச் சில அறிக்கைகள் "சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின்" என்று குறிப்பிடுகின்றன. "சூப்பர்ஃபிஷியல்" என்றால் மேற்புறத்தில் உள்ளது என்று பொருள். ஆயினும், பெயர் அவ்வாறு இருந்தாலும் அது ஆழ்சிரையே. அதில் இரத்தக்கட்டி உள்ளதாக அறிக்கை கூறினால், மேற்புறச் சிரைதானே என்று அலட்சியம் செய்யாமல் அன்றே மருத்துவரைச் சந்திக்க வேண்டும்.

கழுத்துத் தமனி அறிக்கையில் இரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் தரப்பட்டிருக்கும். உட்புறக் கழுத்துத் தமனியில் அது நொடிக்கு 125 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பெரிய அளவில் குறுக்கம் இல்லை என்றும், 230 செ.மீ.க்கு மேல் இருந்தால் குறுக்கம் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்கலாம் என்றும் பொதுவாகக் கொள்ளப்படும். குறுகிய வாய்க்காலில் நீர் விரைந்து பாய்வது போல, குறுகிய தமனியில் இரத்தத்தின் வேகம் கூடுகிறது. ஆகவே, இங்கு வேகம் அதிகம் என்பது நலத்தின் அடையாளம் அன்று.

கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 1.0 முதல் 1.4 வரை இருப்பது இயல்பு. 0.9 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கால் தமனி நோய் இருப்பதாகக் கருதப்படும். 1.4க்கு மேல் இருந்தால் தமனிச் சுவர் இறுகியுள்ளது என்று பொருள். நீரிழிவு உள்ளோரிடம் இது காணப்படும்.

"இரத்தக்கட்டி இல்லை" என்று அறிக்கை வந்தபின்னும் வீக்கம் நீங்காவிடில், அத்துடன் விட்டுவிடக் கூடாது. கெண்டைக்காலின் சிறு சிரையில் தொடங்கும் கட்டி முதல் ஸ்கேனில் தென்படாமல், பின்னர் மேல்நோக்கி வளரக்கூடும். எனவே, ஐயம் நீடித்தால் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் மீண்டும் ஸ்கேன் எடுக்குமாறு மருத்துவர் கூறுவார். வீக்கம் அதிகரித்தால் அதுவரையும் காத்திருக்க வேண்டாம். மறுபரிசோதனைக்கு அழைப்பது முதல் பரிசோதனை தவறு என்பதால் அன்று. அது நோயறியும் முறையின் ஒரு பகுதி.

கர்ப்பிணிகள் கவனத்திற்கு

கர்ப்பக் கால டாப்ளரில் தொப்புள்கொடித் தமனி, தாயின் கருப்பைத் தமனி, குழந்தையின் மூளைத் தமனி ஆகியவற்றின் ஓட்டம் ஆராயப்படும். இதயம் ஓய்வெடுக்கும் நொடியிலும் தொப்புள்கொடியில் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டம் நின்றுபோவதும், எதிர்த்திசையில் திரும்புவதும் அபாய அறிகுறிகள். அந்நிலையில் தாயை மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணிப்பதா, பிரசவத்தை முன்கூட்டியே நிகழ்த்துவதா என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

டாப்ளர் அறிக்கை இயல்பாக இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்ததாக உணர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனை செய்யப்பட்ட நேரத்து நிலையையே அறிக்கை கூறும். அடுத்த நாளின் நிலையைத் தாயின் உணர்வே முதலில் அறிவிக்கும்.

கர்ப்பக் காலத்தில் இடது கால் மட்டும் வீங்குவதையும் கவனிக்க வேண்டும். இடுப்பில் இடப்புறச் சிரையின் குறுக்கே தமனி அழுத்திச் செல்வதால், கர்ப்பிணிகளுக்கு இரத்த உறைவு பெரும்பாலும் இடது காலிலேயே ஏற்படுகிறது.

இந்தியாவில், கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தை அறிய ஸ்கேன் செய்வதும், அதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ தெரிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கேட்பவரும் குற்றவாளியே. இச்சட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது "எஃப்" படிவம் நிரப்பப்பட்டு, பாலினத்தை அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி பெறப்படும். அடையாள அட்டையையும் கர்ப்பக் காலப் பதிவேட்டையும் உடன் கொண்டு செல்லவும்.

உடனடியாக மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால், ஸ்கேனுக்குக் குறித்த நாள் வரை காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவும்:

• திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம். இவை இரத்தக்கட்டி நுரையீரலை அடைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம்.
• வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வையிழப்பு. இவை சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முழுமையான பக்கவாதம் பின்தொடரும் வாய்ப்பு அடுத்த சில நாள்களிலேயே அதிகம்.
• கால் அல்லது கை திடீரென வெளிறி, குளிர்ந்து, மரத்து, கடும் வலி எடுத்தல்.
• விதைப்பையில் திடீர்க் கடும் வலி.
• டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவின்மீது கை வைத்தால் வழக்கமாக உணரும் அதிர்வு நின்றுபோதல். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ எப்போதும் அனுமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறிக்கையுடன் மருத்துவரைச் சந்திக்கும்போது பின்வரும் வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்:

• எந்தக் குழாயில், எவ்வளவு பாதிப்பு உள்ளது?
• பரிசோதிக்க இயலாத பகுதி ஏதேனும் உண்டா?
• மருந்தை எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்?
• மீண்டும் ஸ்கேன் தேவையா? எப்போது?

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காகத் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவது உட்பட எச்சிகிச்சைக்குச் சென்றாலும் இம்மருந்து உட்கொள்வதைத் தெரிவிக்க வேண்டும். அறிக்கைகளைத் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஸ்கேனில் காணப்படும் மாற்றம் புதியதா பழையதா என்பதை அக்கோப்பே மருத்துவருக்குத் தெரிவிக்கும்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.